உம்பானுக்கு வந்த கத்தரிக்காய்

அய்யா துணை



கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் போகிற ரோட்டில் வைகாசி வெயிலில் போனவர்களுக்கு அந்த மண்ணின் முகம் தெரியும். கண்ணுக்கு எட்டிய தூரம் கறுத்த நிலம். கையை உள்ளே விடலாம் போல வெடிப்பு. உடைமரமும் பனையும் தவிரப் பச்சை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இங்கேயா காய்கறி விளையும் என்று வெளியூரார் கேட்பது நியாயம்தான். அதே நிலத்தில் ஐப்பசியில் இரண்டு மழை விழுந்த பிறகு இறங்கிப் பார்க்க வேண்டும். மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. செருப்பு ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் நிற்க வேண்டியதுதான். குடித்த தண்ணீரைத் தை மாதம் வரைக்கும் தனக்குள் வைத்திருந்து, பயிருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் மண் அது. பொறுமையைப் பற்றி அய்யா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். கரிசல்காட்டுக்காரனுக்கு அதை மண்ணே தினமும் வாசித்துக் காட்டுகிறது.

ஆண்டு முழுவதும் சேர்த்து இந்தப் பக்கத்தில் மழை 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி விழுந்து தீர்ந்துவிடும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி கிணறும் குளமும் உள்ளவனுக்குச் சொன்னது. மானாவாரிக் கரிசலுக்குப் புரட்டாசிதான் பட்டம். மழை வருமுன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போட்டு மூடிவிட்டு, வானத்தைப் பார்த்திருப்பது இங்கே பழக்கம். 1901 முதல் கோவில்பட்டியில் இருந்துவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் மழைக்கு முந்திய விதைப்பைத்தான் சொல்லுகிறது. கே 1, கே 2 என்று சம்சாரிகள் சொல்லும் மிளகாய் ரகங்கள் அந்தப் பண்ணையில் பிறந்தவை. படித்தவர் சொல்வதும் பாட்டன் சொன்னதும் ஒன்றாக இருக்கும் இடங்களில் இது ஒன்று.

ஆனால் தாங்கலில் உம்பான் அன்னம் ஐப்பசி மழைக்காகக் காத்திருக்க முடியாது. ஆடி, ஆவணியிலும் மாதத்து முதல் ஞாயிறு வரத்தான் செய்யும். அரிசியோடு காய்கறியைக் கூட்டி ஆக்கி, வந்தவர் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும்.

இந்தக் கரிசல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், நிழல் தாங்கலுக்குப் பின்னால் பத்து சென்ட் நிலம் கிடந்தது. வேலிக்கருவை மண்டி, பாம்பு அடைந்து கிடந்த இடம். ஊர் மக்கள் கூடி அதை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். கண்மாயில் இருந்து கரம்பை மண் அடித்துப் பரப்பினார்கள். ஒரு கீதாரியிடம் பேசி நான்கு இராத்திரி ஆட்டுக்கிடை போட்டார்கள். பிறகு ஒன்பது பாத்தியாகப் பிரித்து, ஒன்பது குடும்பத்தாரிடம் ஒப்படைத்தார்கள். பாத்தியில் விளைவதில் முதல் ஞாயிற்றுக்கு வேண்டியது தாங்கலுக்கு. மீதி அவரவர் வீட்டுக்கு. ஒன்பது குடும்பமும் ஒரே சாதி இல்லை. ஆரம்பத்தில் அதைப் பற்றி ஓரிருவர் வாய்க்குள் முணுமுணுத்தார்கள். சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றில் யார் எந்தப் பக்கம் நின்று தண்ணீர் இறைப்பது என்று அய்யா கோடு போட்டாரா என்று பணிவிடைக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தோட்டத்துக் கிணற்றில் ஆடி மாதம் அடித்தண்ணீர்தான் கிடக்கும். அதிலும் கொஞ்சம் உப்பு. பாத்திக்கு அந்தியில் நான்கு குடம் என்று கணக்கு. வர முடியாதவருக்குப் பக்கத்துப் பாத்திக்காரர் ஊற்ற வேண்டும். மேல்காற்று வேறு, கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்று, பூவையெல்லாம் உதிர்த்துவிட்டுப் போகும். அதற்காக மேற்கே அகத்தியும் ஆமணக்கும் நெருக்கி வைத்தார்கள். ஆமணக்கு காற்றுக்கு மட்டும் அல்ல. வெட்டுப்புழுத் தாய் அந்துப்பூச்சி அகன்ற ஆமணக்கு இலையைத் தேடி முட்டை வைக்கும். இலையோடு கிள்ளி அழித்துவிட்டால் உள்ளே இருக்கும் செடிக்குத் தொந்தரவு குறையும்.

வைகாசியில் நாற்றுப் பாவி, ஆனியில் நட்ட கத்தரி ஆவணியில் காய்க்கு வந்தது. வெண்டை அதற்கு முன்பே வந்தது. சீனியவரை கொத்துக் கொத்தாக. வேலியில் சுரையும் பூசணியும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும். நுனி 'டக்'கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். பறிக்கப் பறிக்கச் செடி காய்க்கும். இருக்கட்டும் நாளைக்கு என்று விட்டால் காய் முற்றி விதை கட்டும். விதை கட்டிய செடி தன் வேலை முடிந்தது என்று காய்ப்பைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்தால் குறைந்துபோகும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு வாரம் வெண்டைப் பாத்தியில் வேலை செய்தால் நல்லது.

தாங்கலுக்குக் காய்கறி கொண்டு வருவதில் ஒரு பழைய வலி உண்டு. இளைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. அய்யா வைகுண்டர் வந்த காலத்தில், திருவிதாங்கூர்ச் சீமையில், ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாத வேலை நடந்தது. பனையோலையும் விறகும் காய்கறியும் ஏழை சனங்களின் தலையில் ஏற்றி, ஒரு காசு கொடுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். தலைக்கும் பனைக்கும் வரி. உழைத்து விளைவித்தவன் வீட்டுச் சட்டி காலியாக இருக்க, அவன் தோட்டத்துக் காய் ஆள்கிறவர் இலையில் விழுந்தது. அந்த மக்களிடம் வந்துதான் அய்யா, எனக்குக் காணிக்கை வேண்டாம் என்றார். ஆடு, கோழி பலி வேண்டாம் என்றார். பறித்துத் தின்னும் அரசனையும், வாங்கித் தின்னும் தெய்வத்தையும் மட்டுமே கண்டிருந்த சனங்களுக்கு, கேட்காத தெய்வம் புதுமையாக இருந்திருக்கும்.

ஆகையால் தாங்கலுக்கு வரும் ஒரு கூடைக் காய் வரியும் அல்ல, வேண்டுதலும் அல்ல. அது அய்யாவுக்குக் கொடுக்கும் கைக்கூலி இல்லை. பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் இலைக்குப் போகிற பங்கு, அவ்வளவுதான். இது மனதில் இருந்தால்தான் அந்த ஆவணி முதல் ஞாயிற்றில் நடந்தது விளங்கும்.

ஒன்பது குடும்பத்தில் ஒன்று, முப்பது வயதுக்கு உட்பட்ட ஒரு தம்பியின் குடும்பம். தாங்கல் பாத்தி தவிர, ஊருக்கு வடக்கே நாற்பது சென்ட் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி போட்டிருந்தார். கோவில்பட்டிச் சந்தைக்கு மூட்டை போகும். தாங்கல் பாத்தியில் அந்த வாரம் காய் போதாததால், குத்தகை நிலத்தில் இருந்தே ஒரு கூடை நிறையப் பறித்துக்கொண்டு வந்தார். பார்த்தால் கண் கூசும் காய். ஒரு ஓட்டை இல்லை, ஒரு வடு இல்லை. எண்ணெய் தடவியது போல மினுமினுப்பு.

காய் நறுக்கும் பெண்களுக்கு நடுவில் எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி உட்கார்ந்திருந்தார். கூடையில் கையை விட்டு ஒரு காயை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அரிவாள்மணையில் வைக்கவில்லை.

"ஏய்யா, மருந்து என்னைக்கு அடிச்ச?"

"முந்தாநாள் ஆச்சி."

ஆச்சி காயைக் கூடையிலேயே போட்டார். கூடையைத் தன் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சுவர் ஓரம் தள்ளி வைத்தார். அதட்டவில்லை, ஆளைக் கூட்டவில்லை. அடுத்த கூடையில் இருந்த பூசணியை எடுத்து நறுக்க ஆரம்பித்துவிட்டார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. பத்துப் பேர் முன்னால் கொண்டு வந்த பொருளை ஒதுக்கினால் யாருக்கும் வருத்தம் வரும்.

"சந்தையில இதத்தான எல்லாரும் வாங்கித் திங்காங்க? ஆரு செத்துப் போனா?" என்று கேட்டார்.

ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். "உன் பிள்ளைக்கு எந்த வரிசையில பறிக்க?"

தம்பி பேசவில்லை. பேச முடியாது. குத்தகை நிலத்தில் கிழக்கு ஓரத்தில் ஒரு வரிசை, எட்டுப் பத்துச் செடி, மருந்து படாமல் விட்டிருந்தார். வீட்டுக் குழம்புக்கு அதில் இருந்துதான் காய். ஊரில் காய்கறி போடுகிறவர் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டிக்கொண்டு தம்பி உள்ளே போனார். பள்ளியறையில் விளக்கும் கண்ணாடியும். வேறு உருவம் கிடையாது. அய்யா வழிக்கு வெளியே இருப்பவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்து, இதைப் போய்க் கும்பிடுகிறீர்களே என்று கேட்பதுண்டு. அன்றைக்கு அந்தத் தம்பியிடம் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். விளக்குக்குப் பின்னால் தெரிந்தது அவர் முகம்தான். வழக்கமாக நிற்கும் நேரத்தில் பாதி கூட அவரால் நிற்க முடியவில்லை. நெற்றியில் நாமம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

உம்பான் முடிந்த பிறகு பெரியவர்கள் அவரோடு உட்கார்ந்தார்கள். தம்பி மனதில் இருந்ததைக் கொட்டினார். போன வருடம் காய்த்துளைப்பான் புழு மூட்டை மூட்டையாகத் தின்றுவிட்டது. குத்தகைப் பணம், நாற்று, மோட்டாருக்கு வாடகை எல்லாம் வட்டிக்கு வாங்கியது. ஒரு காயில் ஓட்டை கண்டால் வியாபாரி மூட்டையையே ஓரம் கட்டுகிறார். மருந்துக் கடையில் எதைக் கொடுக்கிறார்களோ அதை அடிக்கிறார், சொன்ன அளவுக்கு மேலேயே அடிக்கிறார். இதில் பொய் ஒன்றும் இல்லை.

அவரிடம் குற்றம் பிடிப்பது எளிது. விஷம் அடிக்காதே என்று மேடையில் நின்று சொல்லிவிட்டுச் சந்தையில் ஓட்டை இல்லாத காயாகப் பார்த்துப் பொறுக்குகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பெரியவர்களில் ஒருவர் ஒரு வழி சொன்னார். இனிமேல் அந்த எட்டுச் செடி வரிசையில் இருந்து தாங்கலுக்குக் கொடுக்கட்டும், மற்றது சந்தைக்குப் போகட்டும் என்றார். கேட்டவர்களுக்குச் சரியாகத்தான் பட்டது. தெய்வத்துக்குச் சுத்தமானது வந்துவிட்டது, தம்பிக்கும் நட்டமில்லை. தலையாட்டிக்கொண்டிருக்கும்போது, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆச்சியின் குரல் வந்தது.

"அப்போ சந்தையில வாங்குதவன் ஆரு பெத்த பிள்ளை?"

அன்புக்கொடி மக்களே, இந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. அகிலத்திரட்டு அம்மானை, குறோணியை ஆறு கூறாக வெட்டிய கதையைச் சொல்கிறது. முந்தின யுகங்களில் அந்தக் கூறுகள் அசுரராக உருவம் எடுத்து வந்தன. கண்ணால் கண்டு சண்டை போடலாம். கலியுகத்தில் கலி அப்படி வரவில்லை. மாயையாக மனிதன் மனதுக்குள்ளேயே இறங்கிக்கொண்டது. அதனால்தான் இந்த யுகத்தில் கலியை அடையாளம் காண்பது கடினம். அது ஒரு வயலுக்குள் இரண்டு வரிசையாக நிற்கும். ஒரு வரிசை என் பிள்ளைக்கு, மற்ற வரிசை முகம் தெரியாத பிள்ளைக்கு. அந்த இரண்டு வரிசையையும் வைத்துக்கொண்டு, நல்ல வரிசையில் இருந்து அய்யாவுக்கும் ஒரு கூடை கொடுத்துவிட்டால், கலிக்கு அய்யாவையே துணைக்கு அழைத்தது போல ஆகிவிடும்.

துவையல் தவசை நினைத்துப் பார்க்க வேண்டும். 700 குடும்பங்கள் வாகைப்பதியில் கடலோரம் கூடின. அடித்து விரட்டப்பட்ட சனங்கள், உடுக்க நல்ல துணி இல்லாத சனங்கள். தினமும் கடலில் குளித்தார்கள். துணியைத் துவைத்து உடுத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து ஆக்கி ஒரு நேரம் உண்டார்கள். மீனும் கறியும் கிடையாது. உடம்பு, துணி, சாப்பாடு மூன்றும் சுத்தமானால் மனமும் சுத்தமாகும் என்று அய்யா அந்த மக்களைப் பழக்கினார். அந்தக் காலத்தில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. கடலில் அலசினால் போயிற்று. இப்போதைய அழுக்கு மினுமினுப்பாக இருக்கிறது. சில மருந்துகள் தோலோடு நிற்பதில்லை; வேரிலும் இலையிலும் ஊடுருவிக் காய்க்குள் போய்விடும். குழாயடியில் வைத்து எத்தனை முறை கழுவினாலும் உள்ளே இருப்பது வராது. மோனோகுரோட்டோபாஸ் அப்படிப்பட்ட ஒன்று. காய்கறிக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே மத்திய அரசு தடை போட்டது. எண்டோசல்பானை 2011-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. தடை போட்ட பிறகும் பருத்திக்கு என்று வாங்கிய மருந்து கத்தரிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது யார்? வயலில் நிற்கும் மனிதனுடைய மனசாட்சியைத் தவிர அங்கே காவல் இல்லை.

ஆச்சியின் கேள்விக்குப் பிறகு அந்த ஊரில் நடந்ததுதான் முக்கியம். மருந்தடிக்காதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போகவில்லை. பூச்சி தின்றால் நட்டம் அவனுக்கு, புண்ணியம் நமக்கு என்றால் அது என்ன நியாயம் என்று பணிவிடைக்காரரே கேட்டார். மறுநாளில் இருந்து, மாலைப் பணிவிடை முடிந்ததும் ஐந்தாறு பேர் அந்த நாற்பது சென்ட்டுக்குப் போனார்கள். காய்த்துளைப்பான் முதலில் காயில் இறங்குவதில்லை. இளந்தண்டின் நுனியில் துளைத்து இறங்கும். நுனி தலை சாய்ந்து வாடித் தொங்கும். அந்த நுனியை ஒரு சாண் கீழே கிள்ளி எடுத்து, காட்டில் போடாமல் சாக்கில் போட்டு எரிக்க வேண்டும். உள்ளே புழு இருக்கும். ஓட்டை விழுந்த காயையும் அப்படியே பறித்து அப்புறப்படுத்த வேண்டும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு ஆள் நாற்பது சென்ட்டையும் தினம் பார்க்க முடியாது. அதனால்தான் அந்த ஒரு ஆள் மருந்து டப்பாவைத் தூக்குகிறார்.

ஆனி, ஆடியில் தாங்கல் வேப்பமரத்தடியில் பழம் கொட்டிக் கிடந்ததைப் பிள்ளைகள் பொறுக்கி, அலசி, நிழலில் காயவைத்திருந்தார்கள். அந்தக் கொட்டையை உடைத்து, பருப்பு ஐந்து கிலோவை இடித்து, துணியில் கட்டி இராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் பிழிந்து நூறு லிட்டர் தண்ணீருக்குச் சேர்த்து, கொஞ்சம் காதி சோப்பும் கரைத்து, வெயில் தாழ அடித்தார்கள். வேளாண்மை அலுவலர்கள் காலகாலமாகச் சொல்லி வரும் ஐந்து சதவிகிதக் கணக்குத்தான் இது. வேப்பஞ்சாறு மருந்துக்கடைச் சரக்கு போல அன்றைக்கே புழுவைக் கொன்று காட்டாது. தின்னவிடாமல் தடுக்கும், முட்டை வைக்க வரும் பூச்சியை விலக்கும். திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு அது தண்ணீர் மாதிரிதான் தோன்றும்.

இதனால் எல்லாக் காயும் சுத்தமாக வந்தது என்று எழுதினால் பொய்யாகும். சொத்தை வந்தது. வியாபாரி முகம் சுளித்தார், விலையைக் குறைத்தார். ஒரு வாரம் புழு மிஞ்சிப்போய், தம்பி பொறுக்க முடியாமல் கடைமருந்தை ஒருமுறை அடிக்கத்தான் செய்தார். ஆனால் அந்தத் தடவை டப்பாவில் அச்சிட்டிருந்ததைப் பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லி, அதில் சொன்ன அளவோடு நிறுத்தினார். அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று இருந்ததோ அத்தனை நாளும் காயில் கை வைக்கவில்லை. அதற்குள் முற்றிப்போன காய் மாட்டுக்குக்கூட ஆகாது என்று குழிக்குப் போனது. கிழக்கு ஓரத்து எட்டுச் செடிக்குத் தனிக் கவனம் என்பது நின்றுபோயிற்று. வீட்டுக்கும் சந்தைக்கும் ஒரே காய். இதைப் போய்ப் பெரிதாகச் சொல்வதா என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். வட்டி கட்டும் ஒருவர் இரண்டு வரிசையை ஒரு வரிசை ஆக்குவது சின்னக் காரியம் இல்லை.

நட்டத்தில் ஒரு பங்கைத் தாங்கலைச் சேர்ந்தவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார் என்பதால், ஓட்டைக் காயாகப் பார்த்து அவரிடமே விலைக்கு வாங்கினார்கள். கீழே கிடப்பவரைத் தாங்கிப் பிடிப்பதுதான் தர்மம் என்பதை அய்யா வழிப் பிள்ளைகள் தொட்டிலில் இருந்தே கேட்கிறார்கள். ஓட்டைக் கத்தரிக்காய் வாங்குவதும் அதில் சேர்த்தி என்பது அந்த ஊர்ப் பெண்களுக்குத் தோன்றியது.

புரட்டாசி பிறந்ததும் எல்லாரும் மானாவாரி விதைப்புக்குப் போய்விட்டார்கள். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் புழுதியில் விழுந்தன. தாங்கல் பாத்திகளில் கத்தரி மட்டும் மிச்சம் நின்றது. ஐப்பசியில் மழை இறங்கிய பத்துப் பதினைந்து நாளில், யாரும் விதைக்காத ஒரு கொடி வரப்பு ஓரங்களில் தலை காட்டியது. அதலைக்காய். கோடை முழுவதும் வெடிப்புக்குள் கிழங்காகக் கிடந்து, உழவுக்கும் வெயிலுக்கும் தப்பி, ஈரம் பட்டதும் எழுந்து வருவது. விருதுநகர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துச் சனங்களைத் தவிர வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத காய். பாகற்காய் போலக் கசக்கும், பாகலைவிடச் சின்னது. பறித்து ஓரிரு நாள் வைத்தால் வெடித்துவிடும், ஆகையால் அன்றன்றைக்கே ஆக்கிவிட வேண்டும். தூரத்துச் சந்தைக்கு அனுப்பவோ பதுக்கி வைத்து விலை ஏற்றவோ இந்தக் காயில் வழி இல்லை. ஒருவர் அடித்த மருந்தும் அதற்குக் கிடையாது, ஒருவர் ஊற்றிய தண்ணீரும் கிடையாது.

கார்த்திகையில் சாமித்தோப்பில் பதினேழு நாள் திருஏடு வாசிப்பு. ஊரில் இருந்து ஒரு வேன் பேசிப் பாதிப் பேர் போயிருந்தார்கள். அந்த மாதத்து முதல் ஞாயிற்றுக்கு ஊரில் மிஞ்சி இருந்தவர்களே உம்பானுக்கு ஏற்பாடு செய்தார்கள். காலையில் தம்பி ஒரு கூடையோடு வந்தார். மேலே ஒரு துண்டில் அவர் மகள் காட்டில் பொறுக்கிய அதலைக்காய் கொஞ்சம். அடியில் கத்தரிக்காய், கடைசிப் பறிப்பு, சுருங்கினதும் வடுப்பட்டதுமாக. நாலில் ஒன்றில் ஓட்டை இருந்தது.

ஆச்சி கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காயை எடுத்து நெடுக வகுந்தார். புழு இருந்த பாகத்தை அரிந்து சிரட்டையில் போட்டார். மீதியைத் தண்ணீரில் போட்டார். அடுத்த காய். சிறுமி குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுலயும் புழு இருக்கா ஆச்சி?"

"இருக்கு தாயி. நல்ல காய்தான்."

அடுப்படியில் இருந்து, அரிசி கொதித்துவிட்டது, காயைக் கொண்டு வாருங்கள் என்று குரல் வந்தது.

அய்யா உண்டு.